சிங்கப்பூர்க்காரன் வீட்டு மொய்

ஆடி மாதம் எங்கள் பக்கத்தில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். ஆனாலும் சமையல்காரர்களுக்கும் பந்தல்காரர்களுக்கும் அந்த மாதம்தான் மூச்சுவிட நேரம் இருக்காது. கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம், அணவயல், நெடுவாசல், அந்தப் பக்கம் பேராவூரணி வரைக்கும் ஆடியும் ஆவணியும் மொய் விருந்து மாதங்கள். வீட்டில் விசேஷம் என்று ஒன்றுமே இருக்காது. மொய் வாங்குவதற்காகவே பத்திரிகை அடித்து, கிடா வெட்டி, ஊரைக் கூப்பிட்டுச் சோறு போடுவார்கள். சிங்கப்பூரில் என் அறையில் இருந்த ஆந்திராக்காரர் ஒருவருக்கு இதை விளக்கிச் சொல்லப் பல ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. "பிறந்தநாளா? கிரகப்பிரவேசமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். "ஒண்ணும் இல்லப்பா, மொய்தான்" என்றால் நான் ஏதோ மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

கணக்கு எளிது. உங்கள் விருந்தில் நான் 1,000 ரூபாய் எழுதியிருந்தால், என் விருந்துக்கு நீங்கள் ஆயிரத்தோடு வந்து நிற்க மாட்டீர்கள். 2,000 எழுதுவீர்கள். ஆயிரத்தில் பழைய மொய் தீர்ந்தது. மேலே வைத்த ஆயிரம் புது மொய், அது இனி என் தலையில். உங்கள் அடுத்த விருந்துக்கு அதைத் திருப்பி, அதற்கு மேலும் கொஞ்சம் வைக்க வேண்டும். ஒரு வீட்டுக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை முறை வரும். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, ஜாமீன் கையெழுத்து கிடையாது. நோட்டு மட்டும்தான். ஒருவர் நோட்டைத் தொலைத்தாலும் கடன் தொலையாது, எழுதினவர் வீட்டு நோட்டிலும் அது இருக்கும்.

வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்ததைப் பற்றி எழுது என்று நண்பன் சொன்னான். எங்கிருந்து ஆரம்பித்தாலும் இந்த நோட்டுக்குத்தான் வந்து சேர்கிறேன். அதனால் இங்கிருந்தே ஆரம்பித்துவிட்டேன்.

2008 ஆடியில் அப்பா வைத்த விருந்தில் செலவு போக 2,80,000 ரூபாய் நின்றது. அதில்தான் நான் சிங்கப்பூர் போனேன். ஏஜெண்டுக்கு இரண்டரை லட்சம், சென்னையில் ஸ்கில் டெஸ்ட் அடித்த செலவு, ஒரு பெட்டி, இரண்டு ஜீன்ஸ். போன இடத்தில் ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் 18 வெள்ளி. டாலர் என்று பேப்பரில் எழுதுவார்கள், எங்கள் வாயில் அது வெள்ளிதான். அப்போது ஒரு வெள்ளி முப்பது ரூபாய் சொச்சம். ஓடி, அதாவது ஓவர்டைம் பார்த்தால் ஒன்றரை மடங்கு, ஞாயிற்றுக்கிழமை வேலைக்குப் போனால் இரட்டைச் சம்பளம். ஞாயிற்றுக்கிழமை வீரமாகாளியம்மன் கோயிலுக்கும் தேக்கா மார்க்கெட்டுக்கும் போவதா, இரட்டைச் சம்பளத்துக்குப் போவதா என்று கேட்டால் முதல் இரண்டு வருடமும் நான் யோசித்ததே இல்லை. அந்த 2,80,000-மும் ஊர்ப் பணம். அப்பா வாங்கினார், நான் கட்ட வேண்டும். ஆக நான் வேலைக்குப் போன முதல் நாளே பல நூறு பேருக்குக் கடன்காரன். அவர்கள் யாரும் என்னிடம் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டார்கள். பத்திரிகை வைப்பார்கள், அவ்வளவுதான்.

அப்பாவுக்குப் பார்வை மங்க ஆரம்பித்த பிறகு பந்தல்களுக்குப் போய் மொய் எழுதும் வேலை என் மனைவியிடம் வந்தது. கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத பெண், கைக்குழந்தையோடு, ஊர் ஊராகப் பேருந்து ஏறிப் போய் எழுதினாள். மொய் எழுதுமிடத்தில் ஊர்வாரியாக மேஜை போட்டிருப்பார்கள். ஒருவர் பெயரைச் சத்தமாகச் சொல்ல, ஒருவர் எழுத, ஒருவர் பணத்தை எண்ணுவார். இப்போது கம்ப்யூட்டர் வைத்து ரசீது அடித்துக் கொடுக்கிறார்கள், போனுக்கு மெசேஜ் வருகிறது. அந்தக் காலத்தில் நாற்பது பக்க நோட்டுதான். ஒரே ஊரில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பதால் அடையாளத்துக்கு ஏதாவது சேர்த்து எழுதுவார்கள். மேலத்தெரு, ரைஸ்மில், வாத்தியார், பால்காரர் என்று. எங்கள் பெயருக்கு முன்னால் ஒருவர் 'சிங்கப்பூர்' என்று சேர்த்தார். யார் சேர்த்தது, எந்தப் பந்தலில் என்று தெரியாது. அடுத்த வருடம் எல்லா நோட்டிலும் அப்படியே வந்துவிட்டது.

அந்த அடைமொழி இலவசமாக வரவில்லை. அப்பா 200 ரூபாய் எழுதிய இடத்தில் 'சிங்கப்பூர்' 500 எழுத வேண்டியிருந்தது. வெள்ளி நாற்பதைத் தாண்டியபோது 1,000. ஐம்பதைத் தாண்டியபோது, நெருங்கின சொந்தம் என்றால் 5,000. "அவுங்களுக்கு என்ன, சிங்கப்பூர்" என்று பந்தலில் யாரோ சொன்னதை அவள் போனில் சொல்லுவாள். பெருமையாகச் சொல்கிறாளா, குறையாகச் சொல்கிறாளா என்று எனக்குப் பிடிபடாது. நான் அப்போது டார்மிட்டரியில் பன்னிரண்டு பேர் படுக்கிற அறையில், மேல் கட்டிலில், முழங்கால் இடிக்காமல் திரும்பிப் படுக்கப் பழகியிருந்தேன்.

சிங்கப்பூர் வாழ்க்கையை இங்கே விரிவாக எழுதப் போவதில்லை. அதை நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். விடிவதற்கு முன்னால் லாரியில் ஏறுவது, காலையிலேயே பொட்டலம் கட்டி வந்த கேட்டரிங் சோறு மத்தியானத்துக்குள் புளித்துப் போவது எல்லாம் உங்களுக்குத் தெரியும். பைப் ஃபிட்டராகப் போனவன் ரிக்கர் கோர்ஸ், சிக்னல்மேன் கோர்ஸ் எல்லாம் முடித்து லிஃப்டிங் சூப்பர்வைசர் ஆனேன். கிரேன் எதைத் தூக்கினாலும் என் கையெழுத்து இல்லாமல் தரையை விட்டு எழாது. அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு, மறைக்கவில்லை. தாம்சன் ஈஸ்ட் கோஸ்ட் மெட்ரோ லைனில் கால்டிகாட் ஸ்டேஷன் பக்கம் வேலை பார்த்தேன். 2021 ஆகஸ்டில் அந்த ஸ்டேஷனைத் திறந்தபோது எங்களுக்கு டார்மிட்டரியை விட்டு இஷ்டம்போல வெளியே போக அனுமதி இல்லை. 2020 ஏப்ரலில் கொரோனாவுக்குப் பூட்டியவர்கள், ஊரையெல்லாம் திறந்த பிறகும் எங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் திறந்தார்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கார்டைத் தட்டி உள்ளே போய், எஸ்கலேட்டரில் இறங்கி, பிளாட்பாரத்தில் ஒரு ஓரமாக நின்றுவிட்டு மேலே வந்துவிட்டேன். அடுத்த ரயிலுக்குப் போகிறவர்கள் இடித்துக்கொண்டு போனார்கள். ஊரில் இதைச் சொன்னபோது ஒரு சித்தப்பா, "பூமிக்குள்ள ரயில் ஓடுனா தண்ணி வராதா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அந்தத் தண்ணியை இறைத்த கதையைச் சொல்ல ஆரம்பித்தால் அவருக்கு அடுத்த வேலை வந்துவிடும்.

2013 விருந்துப் பணத்தில் ஓட்டு வீடு கான்கிரீட் ஆனது. 2018 ஆடி விருந்துப் பணத்தில் போர்வெல் போட்டு, சொட்டுநீர்க் குழாய் இழுத்தோம். தென்னை அதற்கு முன்னாலேயே வைத்தது, காய்ப்புக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அந்த வருடம் நவம்பர் 16 விடிகாலை கஜா புயல் வந்தது. நான் டார்மிட்டரியில் இருந்தபடி வீடியோவில்தான் பார்த்தேன். எல்லா மரமும் ஒரே பக்கமாகத் தலையைச் சாய்த்துப் படுத்திருந்தது. போர்வெல் இருக்கிறது, குழாய் இருக்கிறது, தண்ணீர் பாய்ச்ச மரம் இல்லை. அரசாங்கம் மரத்துக்கு 600 ரூபாயும் அதை அப்புறப்படுத்த 500 ரூபாயும் கொடுத்தது. வெட்டி இழுக்கிற மெஷின்காரர் கேட்டது அதைவிடக் கூடுதல். மறுபடி கன்று வைத்தோம். திரும்பி வரும் தேதியை நான் அந்தக் கன்றுகளை வைத்துத்தான் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். பாளை விடட்டும், வந்துவிடலாம்.

ஒருவழியாக 2023 மாசியில் வந்தேன். இடுப்பு வலி, மகள் பத்தாம் வகுப்புக்குப் போகிறாள், அப்பாவுக்கு ஒரு கண் சுத்தமாகத் தெரியவில்லை. மூன்றையும் கூட்டிப் பார்த்ததில் வருகிற விடை வேறாக இருக்க வழியில்லை. கம்பெனி பெர்மிட்டைக் கேன்சல் செய்து டிக்கெட் போட்டது. வேலைக்கு வரும் ஒவ்வொருவனுக்கும் முதலாளி அங்கே அரசாங்கத்திடம் 5,000 வெள்ளி பிணை காட்டியிருப்பார். நாம் நாட்டை விட்டுப் போனால்தான் அது விடுபடும். அதனால் வரவேற்பு எப்படி இருந்தாலும் வழியனுப்பு அங்கே ஒழுங்காக நடக்கும். விமானத்தில் ஏறுகிற வரைக்கும் போன் வந்துகொண்டிருந்தது.

வந்த வேகத்தில் குளமங்கலம் அய்யனார் கோயில் மாசிமகம். பெருங்காரையடி மீண்ட அய்யனாருக்கு முன்னால் 33 அடிக் குதிரை நிற்கிறது, அதற்குக் காகிதப்பூ மாலை போடுவது நேர்த்திக்கடன். வேனிலும் டிராக்டரிலும் மாலைகள் வந்து இறங்கிக்கொண்டே இருக்கும். எத்தனையோ வருடம் கழித்துப் பார்க்கிறேன், சாமியைக் கும்பிட வேண்டாமா? நான் குதிரை மேல் ஏறி நின்ற பையன்களின் இடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெல்ட் இல்லை, கயிறு இல்லை. ஒருத்தன் ஒரு காலைக் குதிரையின் கழுத்தில் வைத்துக்கொண்டு மாலையை இழுக்கிறான். எனக்கு வயிற்றைப் புரட்டியது. "கண்ண மூடிக் கும்பிடுங்க" என்றாள் மனைவி.

இது ஒரு வியாதியாகவே ஆகிவிட்டது. பக்கத்து வீட்டில் மாடி கட்டினார்கள். சவுக்குச் சாரத்தில் கொத்தனார் ரப்பர் செருப்போடு நிற்கிறார். "அண்ணே, ஒரு கயித்தையாவது இடுப்புல கட்டுங்க" என்றேன். "தம்பி, கயித்தக் கட்டுனா கை ஓடாது" என்றார். அந்தக் கட்டடம் முடிகிற வரைக்கும் நான் தெருவின் அந்தப் பக்கமாகத்தான் நடந்தேன்.

வேலை தேடினேன். திருச்சி துவாக்குடிப் பக்கம் ஒரு ஃபேப்ரிகேஷன் கம்பெனிக்குப் போனேன். பையில் சிங்கப்பூர்ச் சான்றிதழ்கள் கத்தையாக இருந்தன. அந்த அதிகாரி பொறுமையாக எல்லாவற்றையும் புரட்டிவிட்டு, "ஐடிஐ சர்டிபிகேட் இருக்கா?" என்று கேட்டார். இல்லை. ஹெல்ப்பர் கிரேடில் சேரலாம், 16,000 ரூபாய் என்றார். அங்கே கடைசி வருடம் ஓடியெல்லாம் சேர்த்து மாதம் 1,700 வெள்ளி வாங்கினேன், ரூபாயில் லட்சத்தைத் தாண்டும். சம்பளம் குறைவு என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை, அது தெரிந்துதான் வந்தேன். அந்த யார்டில் ஒரு கிரேன் வேலை செய்துகொண்டிருந்தது, தூக்கின இரும்புக்கு நேர் கீழே இரண்டு பேர் நடந்து போனார்கள். அதைக் காட்டி ஏதாவது சொல்லலாமா என்று நினைத்தேன். ஹெல்ப்பர் வேலை கேட்டு வந்தவன் எப்படிச் சொல்வது? சென்னையில் ஜனவரி 12 அன்று அயலகத் தமிழர் தினம் கொண்டாடுகிறார்கள், 2022-லிருந்து. அயலகத்திலிருந்து வந்துவிட்டவனுக்கு ஒரு அரைநாள் ஒதுக்கி, அவன் கையில் இருக்கும் வேலைக்கு ஒரு சோதனை வைத்து ஒரு தாள் கொடுத்தால் நன்றாக இருக்கும். நான் சிங்கப்பூர் போகும் முன் அப்படித்தான் டெஸ்ட் வைத்து அனுப்பினார்கள். போகும்போது அளக்கிறார்கள், வரும்போது அளக்க ஆள் இல்லை.

வங்கிக்குப் போனது தனிக் கதை. திரும்பி வந்தவன், வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்.ஆர்.இ. கணக்கை அப்படியே வைத்துக்கொள்ளக் கூடாது, உள்நாட்டுக் கணக்காக மாற்ற வேண்டும். போட்டுவைத்த டெபாசிட் முதிர்வு வரைக்கும் பேசின வட்டியிலேயே ஓடும், ஆனால் அந்த வட்டிக்கு இருந்த வரிவிலக்கு போய்விடும். இதையெல்லாம் மேனேஜர் என்னிடம் சொல்லவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவியிடம் சொன்னார். பாஸ்புக், பான் கார்டு, நகல் எல்லாம் அவள் பையிலிருந்து வந்தன. "சார் எங்க கையெழுத்துப் போடணும்னு காட்டுங்கம்மா" என்றார் மேனேஜர். போட்டேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சம்பளம் நிற்கிறது ஒரு நாளில் நடந்துவிடும். ஊர் நமக்குப் போட்டுவைத்த விலை அவ்வளவு சீக்கிரம் இறங்காது. எலக்ட்ரீஷியன் பக்கத்து வீட்டில் 300 வாங்குகிற வேலைக்கு என்னிடம் 600 கேட்டார். கோயில் வரி எல்லோருக்கும் ஒன்றுதான், ஆனால் "அண்ணன் தனியா ஒரு உபயம் எடுத்துக்குவாரு" என்று என்னைக் கேட்காமலே அறிவித்தார்கள். மகள் டியூஷனுக்கு, மாட்டு டாக்டருக்கு, உழவு ஓட்டின டிராக்டருக்கு எல்லாவற்றுக்கும் ஒரு சிங்கப்பூர் ரேட். யார் மீதும் கோபப்பட முடியாது. அந்த ரேட்டைக் கொடுத்துக் கொடுத்துப் பழக்கியது என் பணம்தான். கடைக்காரர் தராசில் நிற்கிற எடைக்கல் மாதிரி நான் பதினைந்து வருடம் அங்கே நின்றிருக்கிறேன். இப்போது எடை குறைந்துவிட்டது என்று நானே போய்ச் சொன்னால், வாங்கின சாமானெல்லாம் சந்தேகத்துக்கு உள்ளாகும்.

அந்த வருடம் ஆவணியில் எங்கள் முறை.

எனக்கு விருந்தே வேண்டாம் என்றுதான் இருந்தது. அப்பா ஒப்பவில்லை. "வைக்காட்டி, நம்ம எழுதினதெல்லாம் என்ன ஆகும்? அவுங்க எப்புடித் திருப்புவாங்க?" என்றார். கொடுத்தவன் வாங்காமல் இருந்தால் வாங்கினவனுக்கு அவமானம். அதுவும் ஒரு நியாயம். வழக்கம்போல நாலைந்து பங்காளி வீடுகள் சேர்ந்து ஒரே பந்தலில் வைப்பது என்று முடிவானது. செலவு பிரியும், வருகிற ஆளுக்கும் ஒரே அலைச்சல்.

பத்திரிகை அடிக்கிற அன்றைக்குத்தான் பிரச்சினை. என் பெயருக்கு முன்னால் 'சிங்கப்பூர்' வேண்டாம் என்றேன். அச்சகத்தில் உட்கார்ந்திருந்த மச்சான் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

"மாப்ள, என்ன பேசுற? அந்தப் பேரப் பாத்துத்தான் புது மொய் வரும்."

"அதுக்குத்தான் மச்சான் வேணாங்குறேன். புது மொய்ய எத வச்சுத் திருப்புவேன்?"

"மொதல்ல வாங்கு. திருப்புறது அஞ்சு வருசத்துல பாத்துக்கலாம். திரும்பப் போவாமலா இருக்கப் போற?"

கடைசி வாக்கியத்தில்தான் நின்றேன். மச்சான் மட்டும் இல்லை, பந்தியில் இலை போடுகிற பையன் வரைக்கும் நான் திரும்பப் போவேன் என்றுதான் கணக்கு வைத்திருந்தார்கள். அவர்கள் எனக்கு எழுதப் போகும் பணம் இங்கே இருக்கிற எனக்கு இல்லை, இனிமேல் அங்கே போகப் போகிற எனக்கு. அதை வாங்கினால் நான் போயே ஆக வேண்டும். அச்சகக்காரர் எங்கள் சண்டை முடியட்டும் என்று வேறு பத்திரிகையைத் திருத்த ஆரம்பித்துவிட்டார். 'சிங்கப்பூர் ரிட்டன்' என்று போடலாம் என்று ஒரு யோசனை சொன்னார் மச்சான். சிரிப்பு வந்துவிட்டது.

மனைவி அதுவரை பேசவில்லை. பிறகு சொன்னாள். "இத்தன வருசமா ஒவ்வொரு பந்தலுக்கும் போயி எழுதினது நான்தான். என் பேரப் போடுங்க."

மச்சானுக்கு அவள் கூடப்பிறந்த தங்கை. ஆனாலும் ஒரு நிமிடம் பதில் வரவில்லை. பெண்கள் பெயர் போடாமல் இல்லை, புருஷன் பெயருக்குப் பக்கத்தில் போடுவார்கள். தனியாக, முதலில் போட்டுப் பார்த்ததில்லை. அப்பா வீட்டிலிருந்தபடி போனில், "அவ சொல்றதுதான் சரி, அவளத்தான ஊருக்குத் தெரியும்" என்றார். என்னைத் தெரியாதா என்று எனக்கு ஒரு கணம் சுருக்கென்றது. தெரியாதுதான். மேலே அப்பா பெயர், அடுத்து அவள் பெயர், அதற்குக் கீழே என் பெயர் இனிஷியலோடு, அடைமொழி இல்லாமல்.

விருந்தன்று நான் பந்தல் வாசலில் வேட்டி கட்டிக் கும்பிட்டபடி நின்றேன். வந்தவர்கள் கும்பிட்டுவிட்டு, "எங்க அவுங்க?" என்று கேட்டுத் தாண்டிப் போனார்கள். உள்ளே மேஜை மேஜையாக அவள் போய்க்கொண்டிருந்தாள். சேந்தன்குடியிலிருந்து வந்த வயதான ஆத்தா ஒருத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "மழையில புள்ளயத் தூக்கிக்கிட்டு வந்து எழுதினியே ஆயி" என்று நிறுத்தி நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தாள். யாருடைய விருந்து, எந்த மழை என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு நான் தெரிந்துகொண்ட ஊர்ச் செய்திகளே தனிப் பதிவுக்கு வரும்.

கணக்கு முடிந்தபோது எங்கள் பங்குக்கு வந்தது 11,40,000. முந்தின விருந்துக்குப் பிறகு, பழையதைத் தீர்த்ததுக்கு மேல் அவள் புது மொய்யாக எழுதிக் கொடுத்தது 6,20,000. மிச்சம் 5,20,000 புதுக் கடன். அடைமொழியை எடுத்துமா என்று மச்சான் என்னைப் பார்த்துச் சிரித்தார். பத்திரிகையில் எடுத்தால் என்ன, அவரவர் வீட்டு நோட்டில் அது அப்படியேதான் இருக்கிறது. பழைய மொய்யைத் திருப்ப நோட்டைப் புரட்டினவர்கள் 'சிங்கப்பூர்' என்ற வரியைப் பார்த்துத்தான் எவ்வளவு கூட வைப்பது என்று முடிவு செய்திருப்பார்கள்.

அந்தப் பணத்தில் கிடாக்கறிக்கும் பந்தலுக்கும் போக மிச்சத்தை எடுத்து ஒரு பழைய சரக்கு வண்டி வாங்கினேன். அதில் வின்ச்சும் மூன்று கால் டவரும் ஏற்றி, போர்வெல் மோட்டார் தூக்குகிற வண்டியாக மாற்றினேன். எங்கள் பக்கத்தில் ஐநூறு அடிக்குக் கீழே மோட்டார் இறக்கியிருக்கிற போர்வெல்கள் நிறைய. இருபது அடிக் குழாயாக ஒவ்வொன்றாய் மேலே எடுத்து, கிளாம்ப் போட்டு, கழற்ற வேண்டும். முழு இரும்புக் குழாயும் மோட்டாரும் சேர்ந்தால் ஒரு டன்னை நெருங்கும். கிளாம்ப் நழுவினால் மோட்டார் உள்ளே போய்விடும், கை இருந்தால் கையும் போய்விடும். நான் கயிற்றைத் தினம் காலையில் பார்க்காமல் வண்டியை எடுப்பதில்லை. ஒரு இழை அறுந்திருந்தாலும் அன்று வேலை கிடையாது. என்னோடு வரும் இரண்டு பையன்களுக்கும் ஹெல்மெட், ஷூ. ஆரம்பத்தில் ஊர் சிரித்தது. "என்ன தம்பி, கெணத்துக்குள்ள ரயில் விடப் போறீங்களா?" பிறகு பக்கத்து ஊரில் வேறொருவர் வண்டியில் கிளாம்ப் நழுவி ஒருவருக்கு விரல் போனது. அதிலிருந்து சிரிப்பு குறைந்திருக்கிறது. வேலை செய்யும்போது வேடிக்கை பார்க்க வருகிறவர்களை இருபது அடி தள்ளி நிற்கச் சொல்கிறேன், நிற்கிறார்கள். முனகிக்கொண்டேதான்.

கூலி வாங்குவதுதான் பாடு. செலவு செய்யும்போது எனக்கு இரட்டை ரேட் போட்ட ஊர், நான் கூலி கேட்கும்போது, "ஒங்களுக்கு இதெல்லாம் ஒரு காசா" என்கிறது. உறவுமுறையில் மருமகன் ஒருவன் வேலை முடிந்ததும், "மாமா, அடுத்த மொய்யில கழிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு மோட்டாரை ஓட விட்டான். தண்ணீர் நன்றாக வந்தது.

மோட்டார் கூலிக்கு மனைவி தனி நோட்டுப் போட்டிருக்கிறாள். இன்றைய தேதிக்குக் கொத்தமங்கலத்தில் இரண்டு பேர், பனங்குளத்தில் ஒருவர் பாக்கி. மூன்று வீட்டு விருந்தும் வருகிற ஆவணியில் இருக்கிறது, பத்திரிகை வந்துவிட்டது. பாக்கியைக் கழித்துக்கொண்டு மொய் எழுதினால் என்ன என்று நேற்று கேட்டேன்.

"அது வேற, இது வேற" என்றாள்.